பரிபூரண ஜீவன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் பலர் மனதில் இருப்பதைக் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவே கேட்டால் "இவருக்கு விசுவாசம் இல்லை" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வயதும் சபையும் வேறுவேறாக இருந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பல பதில்கள் முதல் இரண்டையும் நம்பித்தான் நிற்கின்றன.

"பரிபூரண ஜீவன், பரிபூரண ஜீவன்னு எல்லாக் கூட்டத்திலும் சொல்றாங்க. அப்படின்னா என்னன்னு யாராவது நேரா சொல்லுங்களேன்."

இயேசு சொன்னது யோவான் 10:10-ல் இருக்கிறது: "நானோ அவைகளுக்கு ஜீவன் உண்டாயிருக்கவும் அது பரிபூரணப்படவும் வந்தேன்." தம்மை நல்ல மேய்ப்பன் என்று சொல்லும் இடம் அது, "அவைகள்" என்றால் ஆடுகள். அந்த ஜீவன் எது என்பதையும் அவரே யோவான் 17:3-ல் ஜெபத்தில் சொல்லிவிடுகிறார்: ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன். ஆக, நேராகச் சொன்னால், தேவனை அறிந்து அவரோடு வாழ்வதுதான் பரிபூரண ஜீவன். அவர் தரும் எந்த நன்மையும் அதற்கு அப்புறம்தான்.

இந்த வசனத்தைத் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். முந்தின அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். யோவான் 9-ல் பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெறுகிறான். அன்று ஓய்வுநாள் என்பதால் விசாரணை நடக்கிறது. பெற்ற தாய் தகப்பனே பயந்துபோய், "அவனையே கேளுங்கள்" என்று நழுவிக்கொள்கிறார்கள். கடைசியில் அவனைப் புறம்பே தள்ளிவிடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அங்கே தொடங்கும் பேச்சு நிற்காமல் ஓடித்தான் 10-ஆம் அதிகாரத்து மேய்ப்பனுக்கு வந்து சேர்கிறது. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஒருவனைப் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. மதத்தலைவர்கள் வெளியே துரத்திய ஒருவனைக் கண்டுபிடித்த கையோடு சொன்னார். இது எனக்கு மிகவும் ஆறுதலான விஷயம். நீங்களும் ஏதோ ஒரு வகையில் வெளியே தள்ளப்பட்டவர் என்றால், இந்த வசனம் உங்களுக்குத் தூரமானது அல்ல.

"அது செத்த பிறகு பரலோகத்துல கிடைக்கிறதுதானே? இப்போ என்ன இருக்கு?"

யோவான் 5:24-ஐப் பாருங்கள். இயேசுவின் வசனத்தைக் கேட்டு, அவரை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு என்றும், அவன் ஏற்கெனவே மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குள் வந்துவிட்டான் என்றும் அங்கே இருக்கிறது. இன்றே தொடங்கி, மரணத்தையும் தாண்டிப் போகிற வாழ்க்கை அது.

ஆனால் அது முழுமையடைவது உயிர்த்தெழுதலில்தான். அதுவரை உடம்பு வலிக்கும், பிரியமானவர்களைப் புதைப்போம், அழுவோம். "இப்போதே உண்டு", "இன்னும் முழுமையாகவில்லை" ஆகிய இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவதை விட்டால் விசுவாசம் வறண்ட காத்திருப்பாகிவிடும். இரண்டாவதை விட்டால் ஒவ்வொரு வியாதியும் கஷ்டமும் நம் விசுவாசத்துக்குக் கிடைத்த அடி மாதிரி தெரியும்.

"ஆண்டவரை ஏத்துக்கிட்டா வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் தானா நடக்கும்னு சொன்னாங்க. எனக்குக் கடன்தான் கூடியிருக்கு. அப்போ எனக்கு மட்டும் ஏன் பரிபூரணம் இல்லை?"

உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் இயேசு சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல என்று லூக்கா 12:15-ல் அவரே சொல்கிறார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவானின் உயிர் அன்றிரவே போய்விடும் உவமை அதற்கு அடுத்தே வருகிறது. மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பவுல் 2 கொரிந்தியர் 8-ல் எழுதுவதையும் பாருங்கள். கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள், அப்படியும் சந்தோஷத்தோடு வாரிக் கொடுத்தார்கள். தரித்திரமும் சந்தோஷமும் ஒரே வாக்கியத்தில் ஒரே ஜனங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது.

பிலிப்பியர் 4:13 நம் எல்லோருக்கும் மனப்பாடம்: கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. பரீட்சைக்கும் இண்டர்வியூவுக்கும் போகும்போது சொல்கிறோம். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அதற்கு முந்தின வரியில் அவர் பேசுவது பட்டினியைப் பற்றி. திருப்தியாக இருக்கவும் பட்டினியாக இருக்கவும் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அந்தப் பட்டினியைத் தாங்கும் பெலன்தான் 13-ஆம் வசனம்.

தேவைகளைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே இயேசுதான். வேலைக்காக, கடன் தீருவதற்காக, தாராளமாகக் கேளுங்கள். கூடவே நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் வரவுசெலவுக் கணக்கைக் காட்டி யோசனை கேளுங்கள். ஆனால் "இவ்வளவு காணிக்கை விதையுங்கள், கடன் தீரும்" என்று யாராவது சொன்னால், கடன் வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. வாங்க நினைப்பதே அவ்வளவு தவறு என்றால் விற்க நினைப்பதை என்ன சொல்வது!

"சரி, எப்படி ஆரம்பிக்கணும்? அதுக்குன்னு ஏதாவது ஜெபம் இருக்கா?"

இதைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்த ஜெபம் எதுவும் இல்லை. மனந்திரும்பி சுவிசேஷத்தை விசுவாசியுங்கள் என்பதுதான் மாற்கு 1:15-ல் இயேசு விடுத்த அழைப்பு. மனந்திரும்புவது என்றால் நாம் நமக்கே எஜமானாக நடந்துகொண்டிருந்த வழியைவிட்டு அவர் பக்கம் திரும்புவது. விசுவாசிப்பது என்றால் நம் பாவங்களுக்காக அவர் மரித்தார், உயிர்த்தெழுந்தார், இப்போதும் உயிரோடிருக்கிறார் என்று நம்பி, நம்மை அவர் கையில் கொடுப்பது.

வார்த்தை வரவில்லை என்றால் வேதத்திலேயே சின்னச் சின்ன ஜெபங்கள் இருக்கின்றன. ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." சிலுவையில் தொங்கிய கள்ளன் கேட்டதெல்லாம், ராஜ்யத்தில் வரும்போது தன்னை நினைத்துக்கொள்ளும்படி மட்டும்தான். அவனுக்கு ஞானஸ்நானம் பெறவோ, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவோ நேரமில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதனால் ஜெபித்தபின் ஒரு சபையில் போய்ப் பேசி, ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டு, யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள். இது ஆண்டவருக்குக் கட்டும் விலை அல்ல. திரும்பியவனின் நடை இயல்பாகவே அந்தப் பக்கம் போகும்.

"நான் பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பம். ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு எல்லாம் பார்த்தாச்சு. ஆனா உள்ளே வெறுமையா இருக்கு. எனக்கும் ஆரம்பத்திலிருந்தா?"

லூக்கா 15-ல் தொலைந்துபோன இளைய மகனைத்தான் எல்லோரும் பேசுகிறோம். மூத்தவனைக் கவனியுங்கள். வீட்டை விட்டு ஒருநாளும் போகாதவன். இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று முறையிடுகிறான். தகப்பன் சொல்லும் பதில்: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." ஒரே வீட்டில் இருந்துகொண்டே தகப்பனை முதலாளியாகப் பார்த்து வாழ்ந்திருக்கிறான். சபையிலேயே வளர்ந்த பலருடைய வெறுமை இந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன். எல்லாம் அவர்களுடையது, ஆனால் அவர்கள் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதற்கு நல்ல உதாரணம். போதகர் வீட்டுப் பிள்ளை. 1728-ல் குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து மிஷனெரியாகவும் போய்த் தோற்றுத் திரும்பியவர். 1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு, சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடையதையே, நீக்கினார் என்ற நிச்சயம் அப்போது வந்ததாகப் பிறகு எழுதினார். அதுவரை படித்த வேதமோ செய்த ஜெபமோ வீண்போகவில்லை. அவற்றில் ஏற்கெனவே இருந்தது அன்று அவருக்குச் சொந்தமானது. ஆகவே ஓய்வுநாள் பள்ளியில் கற்ற எதையும் தூக்கிப்போட வேண்டாம். போன கேள்விக்குச் சொன்ன அதே மனந்திரும்புதல்தான் உங்களுக்கும். ஒருவேளை நீங்கள் மனந்திரும்ப வேண்டியது கெட்ட நடத்தையைவிட, கூலிக்காரன் மனப்பான்மையிலிருந்தாக இருக்கலாம்.

"ஆராதனையில எல்லாரும் அழறாங்க, கையைத் தூக்குறாங்க. எனக்கு ஒண்ணுமே ஃபீல் ஆகலை. ஆண்டவர் என்னைத் தொடலையா?"

உணர்ச்சி வந்தால் நன்றி சொல்லுங்கள். வராவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிலருக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும், சிலருக்கு வராது. களைப்பு, தூக்கமின்மை, துக்கம், மருந்துகள், எல்லாமே நம் உணர்ச்சியை மாற்றும். மேலே சொன்ன வெஸ்லியே அந்த மாலைக்குப் பின் சில மாதங்களில், தனக்குச் சந்தோஷம் குறைவாக இருப்பதையும் சந்தேகங்கள் வருவதையும் நாட்குறிப்பில் எழுதினார். அதற்கு அப்புறம்தான் அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

அன்னை தெரசா 1997-ல் காலமானார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. பல பத்தாண்டுகளாக ஜெபத்தில் இருளும் வெறுமையும்தான் தெரிந்தன என்று தன் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். அத்தனை வருஷமும் அதிகாலையில் எழுந்து ஜெபித்தார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்தார். சங்கீதம் 88-ஐ வாசித்தால், அது இருளிலேயே முடிவதைக் காண்பீர்கள். கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. ஆனாலும் அந்தச் சங்கீதக்காரன் தேவனிடம்தான் பேசுகிறான். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், உணர்ச்சி வற்றிப்போனவர்களுடைய ஜெபத்துக்கும் அங்கே இடம் உண்டு.

"தினமும் நான் என்னதான் செய்யணும்? ஒரு வழிமுறை சொல்லுங்க."

யோவான் 15-ல், சிலுவைக்கு முந்தின இரவில், "என்னில் நிலைத்திருங்கள்" என்கிறார் இயேசு. கொடி கனிகொடுக்க முக்கித் தவிப்பதில்லை. திராட்சச்செடியோடு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். தினசரி ஒழுக்கங்கள் எல்லாம் ஒட்டியிருப்பதற்காகத்தான். அவற்றை மதிப்பெண்ணாக எண்ணத் தொடங்கினால் மூத்த மகன் கதைதான் மறுபடியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு பகுதி போதும். வேகமாக முடிப்பதைவிட, "இங்கே இயேசு என்ன செய்கிறார், அவர் யாரை எப்படி நடத்துகிறார்" என்று கவனியுங்கள். ஜெபத்துக்கு வார்த்தை கிடைக்காதவர்களுக்கு மார்ட்டின் லூத்தரின் யோசனையைத்தான் நான் சொல்வேன். எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் முடிதிருத்துபவருக்காக அவர் 1535-ல் ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்தார். கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டு, அந்த வரியில் நின்று உன் சொந்த வார்த்தையில் பேசு என்பது அதன் சாரம். எங்கேயாவது மனம் உருகி நின்றுவிட்டால் மற்ற வரிகளுக்கு ஓட வேண்டாம், அங்கேயே இரு என்றும் சொல்கிறார்.

"கைக்குழந்தை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கும் போறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபிக்க முடியலைன்னு குற்ற உணர்ச்சியா இருக்கு அக்கா."

அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள், தங்கச்சி. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் சமையலறையில் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு இயல்பாகப் பிடித்ததும் அல்ல. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோலவே தேவனோடு இருக்கப் பழகினார். மனம் அலைந்தால் தன்னைத் திட்டிக்கொண்டிராமல் மறுபடி அவர் பக்கம் திரும்பினார்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு சங்கீதத்தின் ஒரே வரி, மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது அவர்களுக்காக ஒரு வரி. இது இரண்டாம்தர ஜெபம் அல்ல. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் கேளுங்கள். கணவர்கள் இதை வாசித்தால், மனைவி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

"ஒரே பாவத்துல மறுபடி மறுபடி விழறேன். மன்னிப்புக் கேட்கவே வெட்கமா இருக்கு. என்னைக் கைவிட்டிருப்பாரா?"

இல்லை. பேதுருவைப் பாருங்கள். மூன்று தரம் மறுதலித்தவனுக்கு, திபேரியாக் கடற்கரையில் உயிர்த்தெழுந்த இயேசு முதலில் சாப்பாடு போடுகிறார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி: என்னை நேசிக்கிறாயா? அதுவும் மூன்று தரம். ஒவ்வொரு தரமும் ஆடுகளை அவனிடமே ஒப்படைக்கிறார். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிக்கிறவர் என்று 1 யோவான் 1:9 சொல்வது விசுவாசிகளுக்கே எழுதப்பட்டது.

ஆனால் தனியாக ஜெபித்துத் தனியாகவே எழ நினைப்பதுதான் பலரைத் திரும்பத் திரும்ப விழவைக்கிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து 1945-ல் தூக்கிலிடப்பட்ட போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், தன் பாவத்தோடு தனித்திருப்பவன் முற்றிலும் தனித்துப்போனவன் என்று எழுதினார். வாயை மூடிக் காக்கத் தெரிந்த ஒரே ஒருவரைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள். குடி, போதை, சூதாட்டம், ஆபாசப்படம் போன்ற பழக்கமாக இருந்தால் அதற்கான ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். அப்படி உதவி கேட்பதும் மனந்திரும்புதலில் ஒரு பகுதிதான். இன்னொருவருக்குக் கேடு செய்யும் பாவம் என்றால், அறிக்கையிடுவதோடு அந்த நபரின் பாதுகாப்புக்கு வேண்டியதை உடனே செய்தாக வேண்டும்.

"சந்தேகம் வருது. அது பாவமா?"

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை மாற்கு 9-ல் பாருங்கள். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். யோவான் ஸ்நானகனே சிறையிலிருந்து, "வருகிறவர் நீர்தானா?" என்று ஆளனுப்பிக் கேட்டான். சந்தேகத்தை அவரிடமே கொண்டுபோனார்கள் என்பதுதான் இந்த இருவரும் செய்தது. சந்தேகத்தை ஒளித்துவைப்பதுதான் ஆபத்து. புழுங்கிப் புழுங்கி ஒருநாள் மொத்தமாக விட்டுவிட்டுப் போய்விடுவோம்.

"மன அழுத்தம்னு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். சபையில விசுவாசக் குறைவுன்னு சொல்றாங்க. மாத்திரையை நிறுத்தணுமா?"

நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்வேன்.

1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த தீர்க்கதரிசி அவன். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். பயணம் உனக்கு வெகுதூரம் என்று அவனுடைய உடம்பின் நிலையைப் புரிந்துகொண்டு பேசினான். 18-ஆம் நூற்றாண்டின் ஞானப்பாட்டுக் கவிஞர் வில்லியம் கூப்பர் வாழ்நாள் முழுவதும் கடுமையான மனச்சோர்வோடு போராடினார். அவருடைய நண்பரும் போதகருமான ஜான் நியூட்டன் அவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். உங்கள் சபைக்கு இப்படிப்பட்ட நண்பர்கள்தான் தேவை.

சாகத் தோன்றுகிறது என்றால் இதை வாசிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லி, இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

"விசுவாசத்தோடதான் ஜெபிச்சோம், உபவாசம் இருந்தோம். அப்பாவுக்குச் சுகம் கிடைக்கலை. எங்கே தப்பு?"

தப்பு உங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது. அற்புதங்கள் செய்த அதே பவுல், தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4:20-ல் சாதாரணமாக எழுதுகிறார். யாருடைய விசுவாசத்தையும் அங்கே குறைசொல்லவில்லை. ஏன் உங்கள் அப்பாவுக்கு இல்லை என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை. காரணம் தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார். நீங்களும் அழுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன "இன்னும் முழுமையாகவில்லை" என்பது இந்த மாதிரி நாட்களைப் பற்றியதுதான்.

"அந்நியபாஷை பேசினாத்தான் பரிசுத்த ஆவியைப் பெற்றோம்னு அர்த்தமா? அது இல்லாம பரிபூரண ஜீவன் கிடையாதா?"

அந்நியபாஷை என்பது தான் கற்காத பாஷையில் ஆவியின் ஏவுதலால் பேசும் வரம். இதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும், அதை ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளமாகக் கருதுகின்றன. மற்றச் சபைகள் பலவும் அப்படிக் கருதுவதில்லை. என் கருத்தைக் கேட்டால், 1 கொரிந்தியர் 12-ன் முடிவில் எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று பவுல் கேட்கும் கேள்விக்கு "இல்லை" என்பதுதான் எதிர்பார்க்கும் பதில். அந்த வரம் உள்ளவர்கள் நன்றியோடு ஜெபிக்கட்டும், இல்லாதவர்களைத் தாழ்வாகப் பார்க்க வேண்டாம்.

கொரிந்து சபையைக் கவனியுங்கள். எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே சொல்லும் பவுல், 3-ஆம் அதிகாரத்தில் அவர்களைக் குழந்தைகள் என்கிறார். காரணம் பொறாமை, வாக்குவாதம், பேதங்கள். ஆவியானவர் ஒருவருக்குள் வேலை செய்கிறாரா என்று பார்க்க கலாத்தியர் 5:22-23 இருக்கிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இந்த ஒன்பதும் உங்களிடம் வளருகிறதா என்று தெரிய வேண்டுமானால் உங்களையே கேட்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

"சபையில என்னை ரொம்பக் காயப்படுத்திட்டாங்க. இனிமே வீட்டிலேயே யூடியூப்ல செய்தி கேட்டு ஜெபிச்சுக்கலாமா?"

காயத்தை முதலில் காயம் என்றே சொல்வோம். ஆவிக்குரிய பெயரில் மிரட்டுவது, பணம் பறிப்பது, உடலைத் தொடுவது, இதெல்லாம் நடந்த இடத்தைவிட்டு வெளியே வருவது கிறிஸ்துவைவிட்டு வெளியே வருவது ஆகாது. குற்றம் நடந்திருந்தால் போலீசுக்குப் போவதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. முதல் பதிலில் சொன்ன பார்வை பெற்றவனை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளியது மதத்தலைவர்கள், தேடி வந்தது இயேசு.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்து ஆறிக்கொள்ளுங்கள். ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள் என்ற கட்டளைகள் எதையும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிறைவேற்ற முடியாது. பெரிய சபை வேண்டாம் என்றால் இரண்டு மூன்று பேர் கூடும் வீட்டு ஜெபத்திலிருந்து தொடங்குங்கள். புதிய இடத்தில் கணக்கு வழக்கு வெளிப்படையாக இருக்கிறதா, போதகரைக் கேள்வி கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.

"சாமி நம்பிக்கையே இல்லாத என் ஃபிரெண்ட் என்னைவிடச் சந்தோஷமா, நல்லவனாவும் இருக்கான். அப்புறம் பரிபூரண ஜீவன்னு நாம எதைச் சொல்றோம்?"

உங்கள் நண்பருடைய சந்தோஷம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். தேவன் தீயோர் மேலும் நல்லோர் மேலும் தம் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்கிறது மத்தேயு 5:45. அன்பான குடும்பம், நல்ல குணம், சிரிப்பு எல்லாம் அவர் எல்லோருக்கும் தரும் நன்மைகள். அவற்றை நண்பரிடம் பார்க்கும்போது சந்தோஷப்படுங்கள். நண்பரைவிடச் சிரித்த முகமாக இருந்து காட்டுவது விசுவாசியின் வேலை அல்ல.

73-ஆம் சங்கீதத்தில் ஆசாப், துன்மார்க்கரின் செழிப்பைப் பார்த்து, தான் உத்தமனாக இருந்ததே வீணோ என்று எரிகிறான். சங்கீதத்தின் முடிவில் அவனுடைய வரும்படி கூடிவிடவில்லை. "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?" என்று கேட்கும் இடத்துக்கு வந்து சேர்கிறான். முதல் பதிலில் சொன்னது இதுதான்: பரிபூரணம் என்பது அவரே. சந்தோஷத்தை மட்டும் தேடுகிறவருக்கு வேறு வழிகளிலும் ஓரளவு கிடைக்கக்கூடும். கிறிஸ்துவைத் தேடுகிறவருக்குத்தான் இந்தப் பேச்சு பொருந்தும்.

ஆகவே உண்மையில் பதில் தேட வேண்டிய கேள்வி, இயேசு உயிர்த்தெழுந்தாரா இல்லையா என்பது. எழுந்திருக்கவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுலே 1 கொரிந்தியர் 15-ல் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். அவரைக் கண்டவர்களின் பெயர்களைச் சொல்லி, ஒரே வேளையில் கண்ட 500-க்கு மேற்பட்ட சகோதரரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். போய் அவர்களையே கேளுங்கள் என்று சவால் விடுகிற மாதிரி இருக்கிறது. அந்த அதிகாரத்தையும் லூக்கா 24-ஐயும் நண்பரோடு சேர்ந்து வாசியுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று இல்லை, எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் சேர்ந்து பார்க்கலாம்.